எந்த மாடு, எங்கே நின்றது? பட்டிக்கு ஒரு கொப்பி

கிளிவெட்டியிலோ தோப்பூரிலோ மேயும் ஒரு மாட்டைக் காட்டி, "இது ஆற்ற மாடு?" என்று கேட்டுப் பாருங்கள். தொடையில் சுட்ட குறியைப் பார்த்துச் சின்னப் பிள்ளையே சொல்லிவிடும். "பட்டியில இது எந்த மாடு? போன மாதம் எங்க நின்றது?" என்று கேட்டால் பட்டிக்காரரே தலையைச் சொறிவார். வாயில் கொப்புளம் போட்டு, நூல் நூலாக வீணீர் வடித்துக்கொண்டு மாடு நிற்கும்போது மிருக வைத்தியர் கேட்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறவள். வீட்டிலும் பசுவும் எருமையுமாக ஒரு பட்டி இருக்கிறது. அப்பா எல்லாவற்றையும் கண்ணிலும் நினைவிலும் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் கொப்பியில் வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பியை எப்படி வைப்பது என்பதுதான் இங்கே எழுதுவது. காதுத்தோடு, அதாவது இலக்கம் போட்ட காது அட்டை, குத்துவது அதில் ஒரு சின்னப் பகுதி. இலக்கத்தை ஒருவரும் எழுதி வைக்காவிட்டால் மாட்டுக்குக் காது வலித்ததுதான் மிச்சம்.

குறியும் தோடும்

குறி சுடுவது உரிமைக்கு. 2006 இல் மாவிலாற்றுப் பிரச்சினையோடு சண்டை மூண்டு, சம்பூர், கட்டைபறிச்சான் பக்கத்துச் சனம் ஓடியபோது பலர் மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தவர்கள் காட்டில் திரிந்த மாடுகளில் தங்களுடையதைக் கேட்க, அந்தச் சூட்டுக் குறியை விட்டால் கையில் வேறு என்ன இருந்தது? களவு போன மாட்டைப் பற்றிப் பொலிசில் சொல்லும்போதும் அதுதான் முதலில் உதவும். ஆகவே தோடு வந்துவிட்டதே என்று குறியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பட்டி முழுக்க ஒரே குறி. நூறு மாட்டில் எதற்கு ஊசி போட்டது, எது கன்று எறிந்தது (சினை கலைந்தது) என்று குறி சொல்லாது. அதற்கு மாட்டுக்கு ஓர் இலக்கம் வேண்டும், அந்த இலக்கம் நாட்டில் வேறு மாட்டுக்கு இருக்கக் கூடாது. உங்கள் பிரதேசத்து மிருக வைத்தியர் அலுவலகத்தில் முதலில் பண்ணையைப் பதியுங்கள். தோட்டு இலக்கம் அந்தப் பதிவோடு சேர்ந்து நிற்க வேண்டும். கடையில் வாங்கி நீங்களாக 1, 2, 3 என்று எழுதிக் குத்திய தோடு பட்டிக்குள் உதவும். பட்டிக்கு வெளியே அதை ஒருவருக்கும் தெரியாது.

சிப் வைத்த தோடு நல்லதா என்று இளம் பெடியள் கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 11784 தரத்தின்படி அதில் 15 இலக்கங்கள் இருக்கும். முதல் மூன்றும் நாட்டையோ தயாரித்த கொம்பனியையோ குறிக்கும். நாட்டுக் குறியீடு என்றால் இலங்கைக்கு 144. வாசிக்கும் கருவி பக்கத்தில் இருந்தால் அருமையான சாமான். வெருகல் ஆற்றங்கரையில் சேறு பூசி நிற்கும் எருமையிடம் எனக்கு வேண்டியது பத்தடி தள்ளி நின்று கண்ணால் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்து.

இன்னொன்று: சில குடும்பங்களில் காதை வெட்டி அடையாளம் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அரைக் காதை வெட்டிவிட்டால் தோடு குத்த இடம் இருக்காது. கன்றாக இருக்கும்போதே வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கதைத்து வையுங்கள்.

தோடு குத்தும் நாள்

மாரியில் குத்தாதீர்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் புண் காயாது, ஈ மொய்க்கும், புழு வைக்கும். பெரும்போக அறுவடை முடிந்து மாடுகள் வயலில் ஒட்டு மேய வந்து நிற்கும் மாசி, பங்குனிதான் தோது. எல்லா மாடும் ஓரிடத்தில் நிற்பதும் அப்போதுதான். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள்.

ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய ஒடுங்கிய கம்புவேலி ஒன்று முதல்நாளே கட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. கயிறு எறிந்து விழுத்திக் குத்துவதை நான் விரும்புவதில்லை. சினை மாடு என்றால் கட்டாயம் வேண்டாம்.

காதை வெளிச்சத்துக்குப் பிடித்தால் இரத்தக் குழாய்கள் தெரியும். காதின் நீளத்துக்கு ஓடும் இரண்டு தடித்த வரம்புகளுக்கு நடுவே, குழாய் இல்லாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். நுனிக்குப் போனால் சூரைப்பற்றையில் கொளுவிக் கிழியும். அடிக்குப் போனால் காது தடித்துச் சீழ் பிடிக்கும். ஆணிப் பகுதி காதின் பின்புறத்திலிருந்து வர வேண்டும், அப்போதுதான் இலக்கம் முன்னால் தெரியும். கன்றுக்குக் குத்தும்போது காது வளர இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு காதுக்குப் பிறகும் குத்தும் கருவியின் ஊசியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஒரு மாட்டின் இரத்தம் மற்றதற்குப் போனால் அதோடு நோயும் போகும். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசிவிட்டு, ஒரு கிழமை கழித்து ஒவ்வொரு காதையும் திருப்பிப் பாருங்கள்.

குத்துகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர். குத்துகிறவர் இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க, எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 6 உம் 9 உம், 1 உம் 7 உம் இந்த இடத்தில்தான் மாறிப் போகும்.

கொப்பி

தடித்த மட்டைக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் கொப்பியை எவரும் புரட்டலாம், சார்ஜ் போடத் தேவையில்லை.

முதற்பகுதி மாடுகளின் பெயரேடு. மாட்டுக்கு ஒரு பக்கம். தோட்டு இலக்கம், சூட்டுக் குறி, பசுவா எருமையா, நாட்டு மாடா கலப்பா, நிறம், கொம்பின் வளைவு, தாயின் இலக்கம், பிறந்த திகதி. திகதி தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். "வெருகல் திருவிழாக் கொடியேறின கிழமை", "நோன்பு தொடங்கின அண்டைக்கு" என்று ஆராவது சொல்வார்கள். பழைய கலண்டரில் அதைத் திகதியாக்கலாம். அதுவும் இல்லையென்றால் பல்லைப் பாருங்கள்: முன்பல்லில் முதற்சோடி மாறியிருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது, நாலு சோடியும் மாறியிருந்தால் நாலுக்குக் கிட்ட. நிறத்தையும் கொம்பையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காட்டு மேய்ச்சலில் தோடு விழும். விழுந்தால் புதுத் தோடு குத்தி, பழைய பக்கத்திலேயே "இந்த இலக்கத்துக்குப் பதில் இது" என்று திகதியோடு எழுதுங்கள். விழுந்த தோட்டை எடுத்து வேறு மாட்டுக்குக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தோடே இல்லாமல் விடலாம்.

இரண்டாம் பகுதி வரவும் போக்கும். கொப்பியில் விலைமதிப்பான பகுதி இதுதான், பலர் எழுதாமல் விடுவதும் இதைத்தான். திகதி, எந்த இலக்கம், எங்கிருந்து, எங்கே, எந்த வாகனத்தில், கொண்டுவந்தவர் ஆர். விற்றதையும் வாங்கியதையும் பணம் கைமாறியதால் எப்படியோ நினைவு வைத்திருப்பார்கள். பணம் மாறாத போக்குவரத்துதான் ஒளிந்துவிடும்: தம்பலகாமத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குச் சீதனத்தோடு போன பால்மாடு, மச்சான் ஒரு மாதம் இரவல் கொண்டுபோன காளை, பாதிப் பங்குக்கு மேய்க்கக் கொடுத்த நாகுகள், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கன்று. வைரசுக்குச் சீதனமும் ஒன்றுதான், விற்பனையும் ஒன்றுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் குர்பானுக்காகக் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாடுகள் நிறைய இடம் மாறும். அந்த வாரங்களில் கொப்பியைக் கையிலேயே வைத்திருங்கள்.

எங்கள் ஊர்களுக்கு இன்னுமொரு பத்தி தேவை. வெளிநாட்டுப் பண்ணைகள்போல இங்கே வேலிக்குள் மாடு நிற்பதில்லை. விதைப்புத் தொடங்கினால் பட்டிகள் வயலை விட்டுக் காட்டுக்கரைக்கும், வில்லு என்கிற சதுப்பு நீர்நிலைக் கரைக்கும் போகின்றன. அங்கே நாலைந்து பட்டிகள் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும். ஆகவே எந்தக் கிழமை எந்தக் குளம், கூட நின்றது ஆருடைய பட்டி என்று எழுதுங்கள். மேய்க்கிற அண்ணன் கிழமைக்கு ஒருமுறை அரிசி எடுக்க வீட்டுக்கு வருவார்தானே, தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டு எழுதிவிடலாம்.

மூன்றாம் பகுதி ஊசியும் மருந்தும். அதைப் பாலோடு சேர்த்துப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டை மறக்காதீர்கள்

மாட்டுக்கு எழுதுகிறவர்களும் ஆட்டுக்கு எழுதுவதில்லை. ஆனால் மாட்டுக் கொள்ளைநோய் இலங்கையில் பல பத்தாண்டுகளாக இல்லாமல் இருந்து 1987 இல் திரும்ப வந்தது. அப்போது இந்தியப் படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது வந்ததாகவே கருதப்படுகிறது. செத்ததோ எங்கள் மாடும் எருமையும். உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2011 இல் அறிவித்தார்கள்.

கால் வாய் நோயிலும் இதே கதை. ஆட்டுக்கும் செம்மறிக்கும் அது வந்தால் இலேசாக நொண்டும், அவ்வளவுதான். பார்க்கிறவர் முள் குத்தியது என்று விட்டுவிடுவார். பிரித்தானியாவில் 2001 பெப்ரவரி 20 ஆம் திகதி நோய் உறுதியாகி, 23 ஆம் திகதி கால்நடைப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதற்குள் நோய்பட்ட செம்மறிகள் சந்தை வழியாக நாடெங்கும் போய்விட்டிருந்தன. கடைசியில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். செம்மறிகளுக்கு அப்போது மாட்டுக்கு இருந்ததுபோலத் தனித்தனி இலக்கம் இல்லை. வீட்டில் நாலு ஆடு நின்றாலும் அவற்றுக்குக் கொப்பியில் நாலு வரி இருக்கட்டும்.

நோய் வந்தால் எப்படித் தேடுவது

ஒரு கதைக்கு வைத்துக்கொள்வோம். பெப்ரவரி 20 காலையில் 114 ஆம் நாகு தீன் எடுக்கவில்லை, வாயில் புண், குளம்பிடுக்கில் கொப்புளம். முதலில் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். அவர் வரும்வரை பட்டியிலிருந்து ஒரு வாலும் வெளியே போகக் கூடாது. அடுத்ததாகக் கொப்பியைத் திறவுங்கள்.

புண்ணைப் பார்த்து அது எத்தனை நாள் பழையது என்று வைத்தியர் சொல்வார். இரண்டு நாள் என்கிறார் என்று வையுங்கள். அப்படியென்றால் நோய் வெளிப்பட்டது 18 ஆம் திகதி. கால் வாய் நோய்க் கிருமி உடம்பில் புகுந்து வெளிப்பட இரண்டு நாள் தொடக்கம் பதினாலு நாள்வரை எடுக்கும். ஆகவே அது புகுந்தது 4 ஆம் திகதிக்கும் 16 ஆம் திகதிக்கும் இடையில். கொப்பியில் அந்தப் பக்கங்களுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுங்கள்.

இப்போது பின்னோக்கித் தேடுங்கள்: கோடுகளுக்குள் உள்ளே வந்தது என்ன? 9 ஆம் திகதி கந்தளாய்ப் பக்கம் வாங்கிய நாம்பன். 12 ஆம் திகதி குளத்தில் கூட நின்ற எருமைப் பட்டி. 13 ஆம் திகதி வைக்கோல் ஏற்றிவந்த லொறி, அது முதல்நாள் மாடு ஏற்றியது. மூன்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தையும் சொல்லுங்கள், ஆனால் ஒன்றையும் மறைக்காதீர்கள். குணமாகித் திடமாக நிற்கும் மாட்டின் தொண்டையிலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கலாம் என்பதால் "வாங்கேக்க நல்லாத்தான் நின்றது" என்பதை நம்பி விடுவதில்லை.

பிறகு முன்னோக்கி: 4 ஆம் திகதியிலிருந்து இன்றுவரை வெளியே போனது என்ன? 15 ஆம் திகதி தம்பலகாமம் போன பால்மாடு. 17 ஆம் திகதி வியாபாரியின் பட்டா லொறியில் போன இரண்டு நாம்பன்கள். அந்த வீடுகளுக்கு அன்றே ஃபோன் எடுங்கள். இதில் வெட்கப்படத் தேவையில்லை. கொப்புளம் போடுமுன்பே பாலிலும் வீணீரிலும் கிருமி வரத் தொடங்கிவிடும், மாட்டைக் கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பால் எடுக்க வரும் மோட்டார்சைக்கிள், சினைப்படுத்த வந்தவரின் சப்பாத்து, இரவல் வாளி எல்லாம் இதே கணக்கில் வரும்.

வியாபாரிகளிடம் கேட்பது கொஞ்சம் சாமர்த்தியமான வேலை. "நானா, இந்த நாம்பனை எங்க வாங்கினீங்க?" என்றால், "என்ன தங்கச்சி, பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கிறீங்க" என்பார். வாங்குமுன்பே கேட்டால் சொல்லுவார், காசைக் கொடுத்த பிறகு கேட்டால் சொல்லமாட்டார். வந்த மாட்டை இரண்டு கிழமை தனியாக, வேறு தண்ணித் தொட்டியோடு கட்டி வைத்தால் இந்தத் தேடலில் பாதி தேவைப்படாது.

தோல் கழலை நோய்க்குக் கோடுகளை இன்னும் விரித்துப் போட வேண்டும், 28 நாள் என்று வையுங்கள். 2020 இல் முதன்முதலாக இலங்கைக்கு வந்த அந்த நோயைக் கடிக்கிற ஈயும் நுளம்பும் உண்ணியும் காவுகின்றன. ஆகையால் பக்கத்து வளவில் எந்த மாடு நின்றது என்பதும் தேவை.

பாலும் தயிரும்

கால் வாய் நோய் மாட்டுக்காரரின் வயிற்றில் அடிக்கும், குடிக்கிறவருக்கு வருவதில்லை. மாட்டைக் கன்று எறியவைக்கும் புரூசெல்லோசிஸ் நோய் அப்படியில்லை, அது மனிதருக்கும் வரும். சினையின் பிற்பகுதியில் கன்று எறிந்தால் அந்த மாட்டின் இலக்கத்தைச் சிவப்பு மையால் எழுதுங்கள். நோய்பட்ட மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் எறியும். அடுத்த முறை ஒழுங்காக ஈனும், பார்க்கச் சுகமாக நிற்கும், கிருமியோ பாலிலும் நஞ்சுக்கொடியிலும் வந்துகொண்டே இருக்கும். இலக்கம் இல்லாத பட்டியில் அந்த மாடு அடுத்த வருசம் கூட்டத்தில் கரைந்து போகும். எறிந்த கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள். வைத்தியர் இரத்தம் எடுக்கட்டும். பாலை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே குடியுங்கள், தயிருக்கு உறை ஊற்றுங்கள்.

மருந்துப் பகுதியில் எழுத வேண்டியவை: மாட்டின் இலக்கம், மருந்தின் பெயர், போட்ட நாள், பால் விற்கலாம் என்ற நாள். அந்தக் கடைசி நாள் மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும், இல்லாவிட்டால் வைத்தியரிடம் கேளுங்கள். மடிநோய்க்கு ஒரு காம்பில் மருந்து ஏற்றினாலும் நாலு காம்புப் பாலையும் கீழே ஊற்றிவிட வேண்டும். காலையில் கறக்கிறவர் வேறு, மாலையில் கறக்கிறவர் வேறு என்றால் மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். விடியப்புறத்தில் ஒருவரும் கொப்பி பார்த்துக் கறக்கமாட்டார்கள்.

இதைத் தயிர் போடுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நுண்ணுயிர்கொல்லி கலந்த பாலில் உறைமோர் வேலை செய்யாது. ஒரு வீட்டுப் பால் முழு அண்டாவையும் கெடுத்து, அன்றைய சட்டி எல்லாம் தண்ணீராக நிற்கும். அப்போது எந்த வீட்டுப் பால் என்று தெரியாவிட்டால் எல்லா வீட்டோடும் கோபம். எங்கள் நிலையத்தில் ஒவ்வொருவர் பாலிலும் சின்னப் போத்தல் ஒன்று எடுத்துப் பெயரெழுதி அடுத்த நாள்வரை குளிரில் வைக்கிறோம். சட்டிகளின் அடியில் திகதியும் அண்டா இலக்கமும் எழுதுகிறோம். கடைக்காரர் "புளிச்சுப் போச்சு" என்று ஒரு சட்டியைத் திருப்பினால் அதை எந்தெந்த வீட்டுப் பாலில் போட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

விற்கும்போதும் சாகும்போதும்

மாட்டை வாகனத்தில் ஏற்றி வேறு பிரதேசத்துக்குக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு உரிமைச் சீட்டும் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றும் கேட்பார்கள். சீட்டில் உள்ள இலக்கமும் காதில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஏற்றுமுன் நீங்களே வாசித்துப் பாருங்கள். வீதித் தடையில் அது பிழைத்தால் மாடும் லொறியும் வெயிலில் நிற்கும். மடுவத்துக்குப் போகிற மாட்டின் தோட்டைத் தலையோடு விட்டுவிடச் சொல்லுங்கள். ஈரலில் கட்டியோ நுரையீரலில் புள்ளியோ கண்டால் பரிசோதிக்கிறவர் அந்த இலக்கத்தை வைத்துத்தான் உங்கள் பட்டிக்கு வருவார். மருந்து நாள் முடியாத மாட்டை இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள், விலை எவ்வளவு சொன்னாலும்.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கில் மாடும் ஆடும் விறைத்துச் செத்தன. காரணம் நோயா குளிரா என்று தெரியும்வரை இங்கிருந்து இறைச்சி கொண்டுபோவதையும் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் எத்தனை செத்தது, எவை செத்தன என்று கேட்டு வந்தவர்களுக்கு இலக்கத்தோடு பதில் சொல்ல முடிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். செத்த மாட்டைத் தோடு தெரிய ஒரு படம், குறி தெரிய ஒரு படம் எடுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் மிருக வைத்தியருக்கும் சொல்லுங்கள். திடீரெனச் செத்து, மூக்காலும் பின்புறத்தாலும் உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் அதை வெட்டவும் வேண்டாம், தோலுரிக்கவும் வேண்டாம். அடைப்பான் (அந்திராக்ஸ்) நோயாக இருக்கலாம், வைத்தியர் சொல்லும்வரை கிட்டப் போகாதீர்கள். மற்றபடி புதைத்த இடத்தையும் நாளையும் அந்த மாட்டின் பக்கத்தில் எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்த இலக்கத்தைப் பதிவிலிருந்து எடுக்கும்படி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.